எக்ஸ்போர்ட் பட்டன் இல்லாத ஃபூபாரைப் புது லேப்டாப்புக்குக் கொண்டுபோவது

நீங்கள் கேட்டது இது. பழைய டெஸ்க்டாப்பில் பத்து வருடமாக ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள் ஓடுகிறது. திரையின் அமைப்பு, ஈக்வலைசர், நாற்பது பிளேலிஸ்ட், எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் அதில்தான். பாடல்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. இப்போது புது லேப்டாப் வாங்கியாயிற்று. மெனு முழுக்கத் தேடியும் 'எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்' என்று ஒரு பட்டன் கண்ணில் படவில்லை. மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டுமா என்கிறீர்கள். வேண்டாம். அப்படி ஒரு பட்டன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பத்து வருடமாகச் சேர்த்ததெல்லாம் வட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டனுக்கு வேலையே இல்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. அலுவலகங்களில் கணினிப் பராமரிப்பு என் தொழில், ஃபூபார் என் சொந்தப் பைத்தியம். எனக்காகவும் நண்பர்களுக்காகவும் பத்துப் பன்னிரண்டு தடவையாவது இந்த இடமாற்றத்தைச் செய்திருக்கிறேன், ஒரு தடவை நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். நான் சொல்வதெல்லாம் விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மாறுவதைப் பற்றி மட்டுமே. மேக்குக்கும் ஃபூபார் உண்டு, ஆனால் விண்டோஸ் காம்போனென்ட்கள், அதாவது ஃபூபாரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், அங்கே ஓடாது. அந்த மாற்றத்தை நான் செய்து பார்த்ததில்லை.

நீங்கள் 'என் செட்டிங்ஸ்' என்று ஒரே சொல்லில் சொல்வது மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒன்று, ஃபூபார் தனக்கென்று வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டர். திரை அமைப்பு, பிளேலிஸ்ட், ஈக்வலைசர், நீங்கள் சேர்த்த காம்போனென்ட்கள் எல்லாம் அங்கே. இரண்டு, பாட்டுக் கோப்புகளே. டேக் (பாடியவர், தலைப்பு போன்ற விவரங்கள்), கோப்புக்குள் பதித்த ஆல்பம் படம், பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் ரீப்ளேகெய்ன் அளவுகள் ஆகியவை பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டவை. அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம், பாட்டு எங்கே போனாலும் கூடவே போகும். மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு: அதாவது பாட்டு எந்த ட்ரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி. இடமாற்றத்தில் கெட்டுப்போவது பத்தில் எட்டுத் தடவை இந்தக் கயிறுதான். ஃபோல்டரைத் தூக்கி அங்கே வைப்பது ஐந்து நிமிட வேலை.

புரொஃபைல் ஃபோல்டரைக் கண்டுபிடிப்போம். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் (%appdata%) அடித்து என்டர் தட்டினால் ரோமிங் என்ற ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ஃபூபார்2000 என்று ஒன்று இருந்தால் உங்களுடையது 1.x வரிசை. ஃபூபார்2000-வி2 என்று இருந்தால் 2023-இல் முழுமையாக வெளிவந்த இரண்டாம் தலைமுறை. இரண்டுமே இருந்தால் குழம்ப வேண்டாம். நீங்கள் எப்போதோ பழையதிலிருந்து புதியதற்கு மாறியிருக்கிறீர்கள், இப்போது பயனில் இருப்பது வி2 தான். இரண்டுமே இல்லையென்றால், ஃபூபாரை நிறுவும்போது போர்ட்டபிள் முறையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்போது அமைப்புகள் ரோமிங் பக்கம் எட்டிப் பார்க்காமல் ஃபூபார் நிறுவிய ஃபோல்டரிலேயே இருக்கும். இதில் அதிர்ஷ்டசாலி நீங்கள், அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கினால் போதும்.

1.x புரொஃபைலைத் திறந்து பார்த்தால் கான்ஃபிகரேஷன் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு காம்போனென்ட்டுக்கும் ஒரு சிஎஃப்ஜி கோப்பு இருக்கும். பிளேலிஸ்ட்களுக்குத் தனி ஃபோல்டர், நீங்கள் சேர்த்த காம்போனென்ட்களுக்கு யூசர்-காம்போனென்ட்ஸ், கேட்ட கணக்குக்கு இண்டெக்ஸ்-டேட்டா, திரை அமைப்புக்குத் தீம் என்ற கோப்பு. வி2-இல் பெரும்பகுதி எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்புகளாக மாறிவிட்டது. எது தேவை, எது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டிருக்காதீர்கள். முழு ஃபோல்டரையும் எடுங்கள். பொறுக்கி எடுக்கிறேன் என்று கிளம்பியதுதான் என் சொதப்பலின் தொடக்கம்.

எடுக்கும் முன் ஃபூபாரை மூடுங்கள். மூடுவது என்றால் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்துவது மட்டும் அல்ல. பலர் அதை கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும்படி வைத்திருப்பார்கள். ஃபைல் மெனுவில் எக்ஸிட் கொடுத்து நிஜமாகவே வெளியே வாருங்கள். ஃபூபார் பல விஷயங்களை வெளியேறும் நேரத்தில்தான் வட்டில் எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது நகல் எடுத்தால் நேற்றைய அமைப்பு வரலாம், தரவுத்தளம் பாதி எழுதிய நிலையிலும் வரலாம். புதுக் கணினியிலும் இதே விதிதான். ஃபூபாரைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் ஃபோல்டரை மாற்றி வைத்தால், மூடும்போது தன்னிடம் இருக்கும் வெற்று அமைப்பை உங்கள் பத்து வருடத்தின் மேல் எழுதிவிட்டுப் போய்விடும்.

சரி, இப்போது காம்போனென்ட். ஃபூபாருக்குள்ளிருந்தே பிரிஃபரன்சஸ் வழியாகச் சேர்த்தவை யூசர்-காம்போனென்ட்ஸில் இருக்கும், புரொஃபைலோடு வந்துவிடும். ஆனால் பத்து வருடம் என்கிறீர்கள். அந்தக் காலத்தில் காம்போனென்ட்டின் டிஎல்எல் கோப்பை நேராகப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் காம்போனென்ட்ஸ் ஃபோல்டரில் போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருந்தது. அங்கே கிடப்பவை புரொஃபைலைச் சேராதவை, தனியாகத்தான் எடுக்க வேண்டும். பழைய கணினியில் பிரிஃபரன்சஸ் போய் காம்போனென்ட்ஸ் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயரும் பதிப்பு எண்ணும் தெரிகிற மாதிரி. பிறகு எது காணவில்லை என்று தேடும்போது அந்தப் படத்தைவிட உதவுவது எதுவும் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் 32 பிட், 64 பிட். 1.x முழுக்க 32 பிட்தான். வி2 இரண்டு வகையிலும் கிடைக்கிறது. 64 பிட் ஃபூபார் 32 பிட் காம்போனென்ட்டை ஏற்றாது, அதற்கு மாற்று வழியும் கிடையாது. ஆகவே உங்கள் திரையில் ஒரு பகுதியைப் பழைய காம்போனென்ட் ஒன்று வரைந்துகொண்டிருந்தால், 64 பிட்டுக்கு மாறியதும் அந்த இடம் வெறுமையாகவோ 'இந்த உறுப்பைக் காணோம்' என்ற குறிப்போடோ நிற்கும். அந்தக் காம்போனென்ட்டை எழுதியவர் 64 பிட் பதிப்பு வெளியிட்டிருந்தால் பிழைத்தீர்கள். வெளியிடாமல் ஒதுங்கிவிட்டிருந்தால் இரண்டே வழி: 32 பிட் வி2-இல் இருந்துகொள்வது, அல்லது அந்தப் பகுதியை வேறொன்றால் நிரப்புவது. புது லேப்டாப் 64 பிட் என்பதால் ஃபூபாரும் 64 பிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாட்டுக் கேட்பதற்கு 32 பிட்டே தாராளம்.

இதனால்தான் எல்லோருக்கும் நான் சொல்வது: ஒரே நாளில் இரண்டு மாற்றம் வேண்டாம். புதுக் கணினியில் முதலில் பழையதில் இருந்த அதே பதிப்பை, அதே பிட் வகையில் நிறுவுங்கள். நிறுவி முடித்ததும் 'இப்போதே திறக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரோமிங்கில் பழைய புரொஃபைலை அதே பெயரில் வையுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகுங்கள். அப்புறம் திறந்து பாருங்கள். எல்லாம் பழைய வீடு மாதிரியே இருக்கிறதா என்று ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் வி2-ஐ நிறுவுங்கள். அது முதல் தடவை திறக்கும்போது 1.x அமைப்புகளைத் தானே இழுத்துக்கொள்ளும், பழைய ஃபோல்டரும் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், ஏதாவது கோணலானால் அது இடமாற்றத்தால் வந்த கோளாறா, பதிப்பு மாறியதால் வந்த கோளாறா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. தலைகீழாக, வி2 புரொஃபைலை 1.x-க்குக் கொடுக்க நினைக்காதீர்கள், அது படிக்காது.

இப்போது கயிறுக்கு வருவோம். ஃபூபாரின் பிளேலிஸ்ட்டில் பாட்டு இல்லை, பாட்டின் முகவரி மட்டுமே இருக்கிறது. 'ஈ ட்ரைவ், பாடல்கள், 1980கள், இந்தக் கோப்பு' என்ற மாதிரி முழு முகவரி. பழைய கணினியில் உங்கள் வெளி டிஸ்குக்கு ஈ என்ற எழுத்து இருந்திருக்கும். புது லேப்டாப் அதற்கு டி என்றோ எஃப் என்றோ பெயர் வைக்கும். உடனே நாற்பது பிளேலிஸ்ட்டிலும் ஒரு பாட்டுகூடப் பாடாது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பதறிப்போய் எடிட் மெனுவில் இருக்கும் 'இறந்துபோன வரிகளை நீக்கு' என்ற கட்டளையை அழுத்துகிறார்கள். அழுத்தினால் பிளேலிஸ்ட்கள் சுத்தமாகக் காலி. அந்த வரிகள் இறக்கவில்லை, வீட்டு எண் மட்டும் மாறியிருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள்.

சுலபமான தீர்வு பழைய எழுத்தையே டிஸ்குக்குத் திரும்பக் கொடுப்பது. ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். அங்கே உங்கள் வெளி டிஸ்கின் மேல் வலது கிளிக் செய்து 'சேஞ்ச் ட்ரைவ் லெட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழைய எழுத்தைக் கொடுங்கள். பக்கத்திலேயே ஃபார்மட் என்ற வரியும் இருக்கும், கை தவறிவிட வேண்டாம். அந்த எழுத்தை வேறு ஏதாவது பிடித்து வைத்திருந்தால் முதலில் அதற்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விண்டோஸ் இதை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை செருகினாலும் பெரும்பாலும் அதே எழுத்துதான் வரும். வரிசையில் தள்ளி இருக்கும் எழுத்தாக, எம் (M) அல்லது பி (P) என்று வைப்பது நல்லது என்பது என் பழக்கம். பென் டிரைவ் வந்து இடத்தைப் பிடிக்காது. ஆனால் அது இனிமேல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. உங்களுக்கு இப்போது பழைய எழுத்தே மருந்து.

பாடல்களில் ஒரு பகுதி டிஸ்கில் இல்லாமல் கணினியின் மியூசிக் ஃபோல்டரில் இருந்தால் முகவரிக்குள் உங்கள் பயனர் பெயரும் புகுந்திருக்கும். புது லேப்டாப்பில் பயனர் பெயர் வேறு என்றால் அந்த முகவரி கெட்டுவிடும். பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தையே பெயராக வைத்துவிடுகிறது. இதற்காகப் புதுக் கணினியில் பழைய பெயரில் ஒரு பயனரை உருவாக்க வேண்டாம். பழைய கணினியிலேயே, கிளம்பும் முன், அந்தப் பாடல்களை ஃபூபாருக்குள்ளிருந்து 'ஃபைல் ஆபரேஷன்ஸ்' வழியாக வெளி டிஸ்குக்கு நகர்த்திவிடுங்கள். ஃபூபாரே நகர்த்தினால் பிளேலிஸ்ட்டின் முகவரியையும் அதுவே திருத்திக்கொள்ளும். விண்டோஸில் இழுத்துப் போட்டால் அது அதற்குத் தெரியாது.

காப்பீடாக இன்னொன்றும் செய்யுங்கள். மனதுக்கு நெருக்கமான பிளேலிஸ்ட்களை எம்3யு8 (m3u8) என்ற பொதுவான பிளேலிஸ்ட் வடிவில் தனியாகச் சேமித்து வையுங்கள். ஃபூபாரின் சொந்த வடிவத்தை மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது. எம்3யு8 வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து பழைய ட்ரைவ் எழுத்தைப் புதியதால் ஒரே அடியில் மாற்றலாம். கடைசியில் அந்த எட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையைக் குறிக்கிறது. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அது மிக முக்கியம். எட்டு இல்லாத பழைய எம்3யு கோப்பில் தமிழ் எழுத்துகள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறி, பிறகு எந்தப் பாட்டையும் கண்டுபிடிக்க முடியாமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேட்ட கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் அடி வாங்கினேன். 'பிளேபேக் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற காம்போனென்ட்தான் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. அது பாட்டை முகவரியால் அடையாளம் காண்பதில்லை. பாடியவர், ஆல்பம், டிஸ்க் எண், பாட்டு எண், தலைப்பு ஆகிய டேக்குகளை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. ஆகவே ட்ரைவ் எழுத்து மாறினாலும் இந்தக் கணக்கு தப்பிக்கும். நல்ல வடிவமைப்பு. ஆனால் அந்தக் கணக்கு இருப்பது புரொஃபைலில், பாட்டுக்குள் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மாற்றத்தில் 'குப்பையெல்லாம் எதற்கு' என்று திரை அமைப்பையும் பிளேலிஸ்ட்களையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு புதிதாக நிறுவினேன். எல்லாம் பாடியது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஐந்தாறு மாதம் கழித்து, அதே காம்போனென்ட் குறித்து வைக்கும் 'எப்போது சேர்த்தது' என்ற வரிசையில் அடுக்கிப் பார்த்தால், ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டும் ஒரே நாளில் சேர்த்ததாகக் காட்டுகிறது. எந்தப் பாட்டை எந்தக் காலத்தில் கண்டெடுத்தேன் என்ற வரிசையே போய்விட்டது. பழைய வட்டை அதற்குள் ஃபார்மட் செய்திருந்தேன். நீங்கள் முழு ஃபோல்டரையும் எடுத்தால் இது நேராது. இருந்தாலும் அந்தக் காம்போனென்ட்டில் கணக்கை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, லைப்ரரி மெனுவில் பாருங்கள். ஒரு நகல் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். நீங்கள் தேடிய ஏற்றுமதிப் பட்டன், இந்த விஷயத்துக்காவது, உண்மையிலேயே இருக்கிறது.

மற்றவை சில்லறை. ஈக்வலைசரின் பதினெட்டுப் பட்டைகளும் நீங்கள் வைத்தபடியே வரும், ஆனால் அந்த அமைப்பு பழைய ஸ்பீக்கருக்காகச் செய்தது. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அதையே போட்டால் அடித் தாளம் கரகரக்கலாம், இடமாற்றம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பாட்டை அழுத்தியதும் ஒலிக் கருவியைக் காணோம் என்று பிழைச் செய்தி வந்தால் அதுவும் இயல்புதான். பழைய கணினியின் ஒலிக் கருவியை அது தேடுகிறது. பிரிஃபரன்சஸில் பிளேபேக், அதற்குள் அவுட்புட் போய்ப் புதியதைத் தேர்ந்தெடுங்கள். 1.6-இலிருந்து வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறை (ஒலிக் கருவியை ஃபூபார் மட்டும் பிடித்துக்கொள்ளும் முறை) ஃபூபாருக்குள்ளேயே வந்துவிட்டதால், அதற்கென்று தனியாகப் போட்டிருந்த பழைய காம்போனென்ட் இருந்தால் அதை விட்டுவிடலாம். ஒலிக் கருவியோடு நேராகப் பேசும் ஏசியோ முறையைப் பயன்படுத்துகிறவர் என்றால் அது உங்கள் ஒலிக் கருவியின் டிரைவரைப் பொறுத்தது, சரியாக வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எம்பி3 மாற்றியை வைத்திருந்தால் லேம், ஃப்ளாக் போன்ற நிரல்கள் எங்கே இருக்கின்றன என்று மறுபடி காட்ட வேண்டியிருக்கும். கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஃபூபாரில் திறக்க வேண்டும் என்பது விண்டோஸின் பதிவேட்டில் இருக்கும் விஷயம், அது புரொஃபைலோடு வராது, புதிதாகச் சொல்ல வேண்டும். திரையில் தனியாக ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தால் அதையும் புதுக் கணினியில் நிறுவுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன்னிடம் இருப்பதைப் போட்டுச் சமாளிக்கும், வரிகளின் உயரமும் அகலமும் கொஞ்சம் கலையும். யுனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி என்ற குறியீட்டு முறையில் டேக் எழுதிய பாட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பெயர்கள் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

ஒரு யோசனை, கட்டாயமில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், புது லேப்டாப்பில் போர்ட்டபிள் முறையில் நிறுவுவதைப் பற்றி யோசியுங்கள். வி2-இல் போர்ட்டபிளாக நிறுவினால் நிறுவிய இடத்திலேயே புரொஃபைல் என்று ஒரு ஃபோல்டர் உருவாகும், எல்லா அமைப்புகளும் அதற்குள் அடங்கும். அதைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள், எழுத அனுமதி இல்லாமல் தகராறு செய்யும். பாட்டு இருக்கும் வெளி டிஸ்கிலேயே வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் டிஸ்க் ஒரு நாள் படுத்துவிட்டால் பாட்டும் கணக்கும் சேர்ந்தே போகும்.

விஎல்சி, மியூசிக்பீ போன்ற வேறு பிளேயர்கள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவற்றின் அமைப்பும் அதே ரோமிங்கில் அவரவர் பெயரில் இருக்கிறது, விஎல்சியின் முக்கியமான அமைப்புகள் விஎல்சிஆர்சி என்ற கோப்பில். மூடிவிட்டு எடுப்பது, ட்ரைவ் எழுத்தைக் காப்பாற்றுவது இரண்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

நீங்கள் சொல்லாமல் விட்டது உங்கள் பதிப்பு எண். ஹெல்ப் மெனுவில் அபௌட் திறந்தால் எண்ணும் பிட் வகையும் தெரியும். அதையும் அந்தக் காம்போனென்ட் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் போடுங்கள், எது 64 பிட்டில் வரும், எது வராது என்று எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய டெஸ்க்டாப்பை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.